திரும்பி வர ஆகும் சராசரி நேரம்

பழத்தை எந்தக் கையில் பிடித்துக்கொண்டு வருவார் என்ற கேள்வி, கலியபெருமாள் ஜெராக்ஸ் கடை முனையில் திரும்பி மறைந்த பிறகுதான் அகிலாண்டத்துக்கு வந்தது. இடக்கையில் தடி. வலக்கை, பக்கவாதத்துக்குப் பிறகு, வீட்டோடு வந்து தங்கிவிட்ட தூரத்து உறவு மாதிரி ஆகிவிட்டது. சொன்னால் கேட்கும், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மனமிருந்தால் கேட்கும். காலையில் ஸ்பூனைத் தூக்கியது. தூக்கி, உப்புமாவில் பாதியை வாய்க்கும் மீதியைச் சட்டைக்கும் கொடுத்தது. ஒரு சீப்பு ரஸ்தாளியை அது தூக்குமா? கதவுக்குப் பின்னால் ஆணியில் துணிப்பை தொங்கிக்கொண்டிருக்கிறது, தோளில் மாட்டிவிட்டிருக்கலாம், எத்தனை வருஷம் கரும்பலகையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறாள், நடக்கக்கூடியது எல்லாவற்றையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு கணக்கைத் தொடங்குங்கள் என்று. அப்படிச் சொன்னவளுக்கு, பழம் வாங்கப் போகிற மனிதர் அதைத் தூக்கிக்கொண்டும் வரவேண்டும் என்பது தோன்றவில்லை. இப்போது பையை எடுத்துக்கொண்டு இறங்கினால் பிடித்துவிடலாம். அவர் இப்போது நடக்கிற நடைக்குத் தெருவின் பாதிகூடத் தாண்டியிருக்க மாட்டார். ஆனால் இறங்கக் கூடாது. பால்கனியில் இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம், முனைவரைக்கும் தெரிகிறதைப் பார்க்கலாம், முனைக்கு அப்பால் இருப்பது அவருடையது. அப்படித்தான் பேச்சு. பேச்சு என்றால், அவர் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்த பேச்சு. கிணற்றில் விழுந்த பாத்திரத்தைப் பாதாளக் கொலுசு போட்டு எடுப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்தார். அவளும் காத்திருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டாள்.

போன வாரம் அவள் பின்னால் போனதில் வந்த வினை அது. கோயில் குளத்துக்கரை வரைக்கும் தனியாகப் போய்வருகிறேன் என்று கிளம்பினார், சரி என்றாள், அவர் கேட்டைத் தாண்டியதும் செருப்பை மாட்டிக்கொண்டு தானும் இறங்கினாள். நிறைய தூரம் விட்டுத்தான் போனாள். மரத்துக்கு மரம், நிறுத்தியிருந்த வண்டிக்கு வண்டி, இந்த வயசில் உளவுக்காரி மாதிரி. அவர் வலதுகாலை இழுத்து வைத்து, தடியை ஊன்றி, நின்று, மறுபடி இழுத்து வைத்து, உறையூர் முழுக்க அவருக்கு வழிவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. செல்போன் கடைக் கண்ணாடி முன்னால் மூச்சுவாங்க நின்றார். கண்ணாடிக்குள் அவளைப் பார்த்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கண்ணாடிக்குள்ளேயே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வந்த வழியே நடந்து, அவளைக் கடந்து, வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கோபம் என்றால் அவளுக்குத் தாங்கத் தெரியும். இது வேறு. பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிற பிலோமினா, "சார், கையைத் தூக்குங்க சார், எங்க, எனக்காக" என்று கெஞ்சியும் தூக்கவில்லை. சோறு வேண்டாம், பேப்பர் வேண்டாம். அந்தக் கட்டிலில் அவர் கொஞ்சம் கொஞ்சமாக மரச்சாமானாக மாறிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். பிறகு ஒருநாள் காலையில் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "நீ பின்னால வந்தா... நான் நடக்கல அகிலா. நீ... என்னை நடத்துறே." மறுபடி கொஞ்ச நேரம் தேடினார். "இன்னொரு தடவை வந்தே... நான் எந்திரிக்க மாட்டேன்." மிரட்டல் இல்லை அது. பரீட்சைத் தேதி சொல்வதுபோல, உள்ளதைச் சொன்னார்.

அதனால்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஐப்பசி வானம் மலைக்கோட்டைப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வருகிறது, கொடியில் அவருடைய வேட்டி காய்ந்தும் காயாமலும் ஆடுகிறது, பழக்கடை ஒன்றும் தூரமில்லை, கூட்டமிருந்தாலும், நின்று மூச்சு வாங்கினாலும், இதற்குள் ஜெராக்ஸ் கடை முனையில் தடி தெரிந்திருக்க வேண்டும். போனால், அவர் நன்றாக இருந்தால், கடைக் கண்ணாடி இல்லாமலேயே அவளைப் பார்த்துவிடுவார், பிறகு எழுந்திருக்க மாட்டார். போகாவிட்டால், அவர் விழுந்து கிடந்தால். அந்த வாக்கியத்தை அவள் முடிப்பதில்லை. அவளுடைய பாடத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு, நிறுத்த நேரம். ஆடிக்கொண்டிருக்கிற ஆட்டத்தை எப்போது நிறுத்துவது, காத்திருப்பதை எப்போது விடுவது. அதற்கு ஒரே ஒரு சட்டம்தான், இதுவரை நடந்ததை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும், வரப்போவதை எட்டிப்பார்த்துவிட்டு முடிவெடுத்தால் அது நிறுத்த நேரம் ஆகாது. பிள்ளைகளிடம் எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்! காத்திருப்பது நல்லது என்கிற பக்கம் ஒன்று, போதும் என்கிற பக்கம் ஒன்று, நடுவில் ஒரு எல்லைக்கோடு. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லித்தர மாட்டார்கள், அதைக் கண்டுபிடிப்பதுதான் கணக்கே. கண்டுபிடிக்க வேண்டுமென்றால் தற்செயலின் கணக்கை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போகவேண்டும், வெப்பம் பரவுகிற கணக்குக்கு, பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு, அதாவது அவர் நடத்திய பாடத்துக்கு, அவரிடம். எல்லைக்கோடு எங்கே சார் என்று கேட்பதற்கு அவளுக்கு இருப்பது ஒரே ஆள். அந்த ஆள் பழம் வாங்கப் போயிருக்கிறார்.

சிரிப்பு வந்தது அவளுக்கு. பயத்தோடு சேர்ந்து வருகிற சிரிப்பு. இப்படித்தான் அன்றைக்கும், கல்லூரியில் சேர்ந்த புதிதில், ஆசிரியர் அறையில். கணிதத் துறையில் அவள் ஒருத்திதான் பெண், நிகழ்தகவு என்றால் சீட்டாட்டம் என்று நினைக்கிற பெரியவர்கள் நடுவில் அவள் மேசை ஜன்னலோரம். எதிர் மேசையில் கலியபெருமாள், கும்பகோணத்துக்காரர், சட்டைப்பையில் எப்போதும் சுண்ணாம்புக்கட்டி, வெப்பச் சமன்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும். ஒரு வட்டமான அறை, நடுவில் ஒருவன் நிற்கிறான், குருட்டுத்தனமாக அங்கேயும் இங்கேயும் தள்ளாடி நடக்கிறான், சுவரைத் தொடுவதற்குச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் பலகையில் போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தவர், "இது என் கணக்காச்சே மேடம்" என்றார். "உங்க கணக்குல ஆளே கிடையாதே சார், வெறும் சூடுதானே?" "ஆளு எதுக்கு? அறை பூரா சீரா சூடு ஏத்துங்க, சுவரை மட்டும் பனிக்கட்டி மாதிரி வெச்சிருங்க. எந்த இடத்துல எவ்வளவு சூடு நிக்குதோ, அந்த இடத்துலருந்து கிளம்புறவன் சுவரைத் தொட அவ்வளவு நேரம்." ஒருவன் தட்டுத்தடுமாறி நடப்பதும், ஒரு அறை அசையாமல் சூடாக இருப்பதும் ஒரே விஷயம். அவன் எந்தப் பக்கம் போவான் என்று யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது, ஆனால் அவன் போகக்கூடிய அத்தனை வழிகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அங்கே ஒரு நிச்சயம் உட்கார்ந்திருக்கிறது, விளக்கு மாதிரி. சரி, போட்டுப் பார்த்துவிடலாம் என்று ஆளுக்கொரு பக்கம் போட்டார்கள். அவளுக்கு வந்த நேரம் அவருக்கு வந்ததைப்போல இரண்டு மடங்கு. "உங்க ஆளு வழியில டீ குடிக்கப் போயிட்டான் மேடம்." "உங்க அறையில அடுப்பு ஜாஸ்தி சார், அதான் அவன் பயந்து ஓடிட்டான்." முதலில் விளையாட்டுத்தான். மறுநாளும் இரண்டு மடங்கு. அவள் வரி வரியாகச் சரிபார்த்தாள், தப்பில்லை. அவரும் பார்த்தார், தப்பில்லை. பிறகு விளையாட்டுப் போய் வீம்பு வந்தது, அவர் மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார், அவள் காபிக்குப் போவதை நிறுத்தினாள், துறைத்தலைவர் இருவரையும் கூப்பிட்டு, "என்னப்பா, சொத்துத் தகராறா?" என்று கேட்டார். ஒரு மழைநாள், பஸ் வரவில்லை, நிழற்குடையில் நனைந்துகொண்டே பக்கத்தில் வந்து நின்ற கலியபெருமாள், அவளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னார்: "மேடம், எங்க ஆளுங்க சமன்பாட்டை எழுதறப்போ முன்னால ஒண்ணுன்னு எழுதுவோம். உங்க ஆளுங்க பாதின்னு எழுதுவீங்க. பழக்கம். ரெண்டு பேரும் சொல்லிக்கவே இல்லை." அவ்வளவுதான். உலகத்தில் இந்த இரண்டு கூட்டத்தாருக்கு மட்டுமே வரக்கூடிய சண்டை. இரண்டும் சரி, கடிகாரங்கள்தான் வேறு; அவருடைய கடிகாரம் அவளுடையதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. அவள் சிரித்த சிரிப்பில் நிழற்குடையில் இருந்த கீரைக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். பஸ் வராததற்கு அவள் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள். வந்திருந்தால் ஏறிப் போயிருப்பாள், அவர் சொல்லியிருக்க மாட்டார், அந்த வீம்பிலேயே இருவரும் ஓய்வு பெற்றிருப்பார்கள். வேறு யாரோ ஒருவரை அவள் கட்டியிருப்பாள், இந்தப் பால்கனி இருந்திருக்காது, இந்தப் பயமும் இருந்திருக்காது. இந்தப் பயம் இல்லாத வாழ்க்கையை நினைத்தபோது அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

மொட்டைமாடியில் துணி எடுக்கப் போகிற ஜமீலாவின் காலடி படியில் கேட்டது. கீழ்வீட்டுக்காரி. கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்க்காமல் போகமாட்டாள். "டீச்சரம்மா, மழை வரப்போவுது, கொடியில வேட்டி கிடக்கே, கனவா காண்றீங்க?" என்றாள். அகிலாண்டம் எழுந்து வேட்டியை உருவினாள். "சார் பழம் வாங்கப் போயிருக்காரு ஜமீலா." "தெரியுமே, எங்கிட்டதான் கட்டைப்பை கேட்டு வாங்கிட்டுப் போனாரு. இந்தத் தோள்ல மாட்டிவிடும்மான்னு குனிஞ்சு நின்னாரு, பள்ளிக்கூடம் போற புள்ள மாதிரி. நான்கூட ஏன் சார் டீச்சரம்மாகிட்ட கேக்கலையான்னு கேட்டேன்." "என்ன சொன்னாரு?" "அவ... கேட்டா, கூட வந்துருவான்னாரு." ஜமீலா அவர் சொல்லுகிற மாதிரியே நடுவில் நிறுத்திச் சொல்லிக் காட்டிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, மேலே ஓடிவிட்டாள். அகிலாண்டம் வேட்டியை மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள். தெருமுனைவரை அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தவள் தோளைக் கவனிக்கவே இல்லை. ஆக, பையைப் பற்றி அவர் யோசித்திருக்கிறார். எந்தக் கையில் தூக்குவது என்று, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோதே யோசித்து வைத்திருக்கலாம். மண்டைக்குள் ஒரு பக்கம் ரத்தம் உறைந்து, பெயர்களெல்லாம் உதிர்ந்து, தன் பெண் பெயரையே இரண்டு நாள் தேடிக்கொண்டிருந்த மனிதர், அவளுக்குத் தோன்றாததை யோசித்திருக்கிறார், அவள் என்ன செய்வாள் என்பதையும் சேர்த்து. ஈர வேட்டி ரவிக்கையை நனைத்தது. சோப்பு வாசனையும் அதற்கு அடியில் அவர் வாசனையும். நல்லது, நல்லது என்று யாருக்கோ சொன்னாள்.

போன் அடித்தது. தேன்மொழி, பூனாவிலிருந்து. எடுக்காமல் இருக்கலாம், எடுக்காவிட்டால் ஜமீலாவுக்கு அடிப்பாள், ஜமீலாவுக்குப் பொய் வராது. "அம்மா, அப்பா என்ன பண்றார்?" "வாக்கிங் போயிருக்காருடி." "யாரோட?" வேட்டியை மடித்து நாற்காலியில் வைத்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அம்மா, யாரோட?" "தனியாத்தான்." "உனக்கென்ன பைத்தியமா? மழை வேற பெய்யுதாம் அங்க, போன்லயே காட்டுது. அவர்கிட்ட போன் இருக்கா?" இல்லை. மேசைமேல் இருக்கிறது, இவள் பேசப்பேச அது பக்கத்தில் கிடந்து விழித்துக்கொண்டிருக்கிறது. "இருக்கு" என்றாள். "நீ இப்பவே கீழ போ. போய்ப் பாரு. வீம்புக்கெல்லாம் இது நேரமில்லம்மா." "சரிடி." "சரிடின்னா போறியா?" "கடைக்குத்தானே போயிருக்காரு, வந்துருவாரு. தரையில அலையறவன் எப்படியும் வீட்டுக்கிட்ட வந்துதான் ஆகணும், அதுக்கு நிரூபணம் இருக்கு." "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பொறந்து நான் பட்ட பாடு இருக்கே" என்று அந்தப் பெண் அழுகிற குரலில் சிரித்தாள், சிரிக்கிற குரலில் அழுதாள், வைத்துவிட்டாள்.

நிரூபணம் இருப்பது உண்மைதான். தாறுமாறாக அலைகிறவன் ஆகாயத்தில் அலைந்தால் வராமல் போகலாம், தரையில் அலைந்தால் கட்டாயம் கிளம்பிய இடத்துக்குப் பக்கத்தில் வருவான், என்றைக்காவது வருவான். ஆனால் அந்த நிரூபணத்துக்கு அடியில் இன்னொரு வரி உண்டு, அதை அவள் பெண்ணிடம் சொல்லவில்லை. வருவது நிச்சயம், வருவதற்கு ஆகும் சராசரி நேரம் முடிவிலி. முதன்முதலில் அதைப் படித்தபோது அவளுக்கு இருபது வயசு, விடுதி அறையில் இருந்தாள், இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி படித்தாள். இப்போது புரிகிறது. காத்திருக்கிறவளுக்கு அது அப்படித்தான் இருக்கும். வருவார் என்று எலும்புக்குத் தெரியும், ஆனால் இதோ இந்த வினாடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு பள்ளம், அதில் பஸ் ஒன்று வேகமாகத் திரும்புகிறது, அதில் ஈரமான கல் வழுக்குகிறது, அதில் அவர் தன் பெயரை மறந்துவிட்டு யார் வீட்டு வாசலிலோ நிற்கிறார், உங்க வீடு எங்க பெரியவரே என்று கேட்கிறார்கள், அவர் தேடுகிறார், தேடுகிறார். மெயின் ரோட்டில் ஏதோ ஹாரன். அவள் பால்கனிக் கம்பியைப் பிடித்தாள். முதல் தூறல் கம்பியில் விழுந்து உடைந்தது, அடுத்தது அவள் புறங்கையில்.

ஆனால் அவர் அலையவில்லையே, என்று இன்னொரு எண்ணம் வந்தது, அவர் போகிறார். அலைபவனுக்கும் போகிறவனுக்கும் வித்தியாசம் ஒரு சின்ன உறுப்பு, சமன்பாட்டில் ஒரு தள்ளல், ஒரு பக்கமாகச் சாய்வு. அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் போதும், கடைசியில் அதுதான் ஜெயிக்கும். அவருக்கு ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கம் இந்த வீடு என்று நினைத்துக்கொள்ள அவளுக்கு உரிமை இருக்கிறதா? இருக்கிறது என்று வைத்துக்கொண்டாள். சாதாரணக் கணக்கில் சின்னது ஒன்றின் வர்க்கத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், அது அதைவிடச் சின்னது, கணக்கில் வராது என்று. அவளுடைய கணக்கில் போட முடியாது. நடுக்கத்தின் வர்க்கம் சேர்ந்துகொண்டே போகும், ஒவ்வொன்றும் ஒன்றுமில்லாததுபோல இருந்து, சேர்ந்து, கடைசியில் நேரத்துக்குச் சமமாக வந்து நிற்கும். அவள் வாழ்க்கையை நடத்தியதே அந்த ஒன்றுமில்லாதவைதானே. அவர் விழுந்த அன்று அவள் வங்கிக்குக் கிளம்பிவிட்டாள், கேட்டுவரை போனவள் மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டோமே என்று திரும்பி ஏறினாள், ஏறும்போதுகூட தன்னையே திட்டிக்கொண்டுதான் ஏறினாள். கதவைத் திறந்தால் அவர் அடுக்களையில், டம்ளர் உருண்டு கிடக்க, ஒரு பக்க வாயால் ஏதோ சொல்ல முயன்றுகொண்டு. ஜமீலா வீட்டுக்காரர் அன்றைக்குத் தஞ்சாவூர் சவாரி போயிருக்க வேண்டியது, சவாரிக்காரர்கள் வரவில்லை, வண்டி வாசலில் நின்றது. அந்தச் சவாரிக்காரர்கள் யார் என்று அவளுக்குத் தெரியாது, யாருக்கோ காய்ச்சல் வந்திருக்கலாம், வீட்டில் சண்டையாக இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில், ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடக்கூடிய நேரத்துக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று சின்ன வயசு டாக்டர் சொன்னபோது அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. டாக்டருக்கு மட்டும் சொன்ன நன்றி இல்லை அது. கண்ணாடியை மறந்த தன் கிழட்டு மூளைக்கும், தஞ்சாவூர் போகாதவர்களுக்கும், ரோட்டில் ஒதுங்கிய அத்தனை வண்டிகளுக்கும் சேர்த்துச் சொன்னது. கணக்கில் எல்லா வழிகளையும் கூட்டிச் சராசரி எடுத்துவிட்டால் நிச்சயம் கிடைக்கும். மனுஷிக்குக் கிடைப்பது ஒரே ஒரு வழி. அந்த ஒன்று இதுவாக இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜெராக்ஸ் கடைக்காரர் சாக்கை இழுத்து விட்டார், தெரு காலியானது, மண்வாசனை வந்து போய் சாக்கடை வாசனை வந்தது. இப்போது அவளுக்குத் தெரிந்தது, எல்லைக்கோடு இதுதான், இதைத் தாண்டியாகிவிட்டது. இதுவரை நடந்ததை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால்கூட, ஈரத்தெரு, தடி, குடையில்லாத மனிதர், போகத்தான் வேண்டும். எழுந்திருக்காமல் படுத்துக்கொண்டாலும் படுத்துக்கொள்ளட்டும், படுத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் அல்லவா. குடையை எடுத்தாள், செருப்பை மாட்டினாள், கதவைச் சாத்தக்கூட இல்லை. முதல் படிக்கட்டு வரிசையை இறங்கித் திருப்பத்துக்கு வந்தாள். அங்கே கால் நின்றது. அவள் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. கைப்பிடிச் சுவரில் கை வைத்தாள், சுண்ணாம்பு ஈரமாக இருந்தது. நீ என்னை நடத்துறே. அந்தக் குரலில் கெஞ்சல் இருந்ததை அவள் அப்போது கேட்கவில்லை, இப்போது கேட்டாள். இன்னும் கொஞ்சம். பயத்துக்காக இறங்கினால் அது தனக்காக இறங்குவது. அவருக்காக என்றால் இன்னும் கொஞ்சம் நிற்கவேண்டும். நின்றாள். குடையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிறவள் மாதிரி.

கீழே கேட் கிரீச்சிட்டது. "ஐயய்யோ சார், தொப்பலா நனைஞ்சுட்டீங்களே!" ஜமீலா. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை, மழை மட்டும், அவர் சொல்லைத் தேடுகிற நேரம். அகிலாண்டம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். "நனையலைம்மா... குளிச்சேன்" என்றார் அவர். ஜமீலா சிரித்த சிரிப்பு மாடிவரை வந்தது. "எவ்வளவு நேரம் சார், எங்கதான் போனீங்க, டீச்சரம்மா அங்க..." "மேல... இருக்காளா?" "மேலதான் இருக்காங்க." "பால்கனியிலயா?" ஜமீலாவுக்குப் பொய் வராது, நல்லவேளை, இவள் படியிறங்கியது அவளுக்குத் தெரியாது. "அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தாங்க, வேட்டியக் கட்டிப் புடிச்சிக்கிட்டு." அகிலாண்டம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, சத்தமில்லாமல் மேலே ஏறினாள். தன் வீட்டுக்குத் தானே திருடி மாதிரி நுழைந்து, செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, குடையைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி, வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தடி, கால், இழுத்து வைக்கிற கால். தடி, கால், நிற்கிற மூச்சு. ஒவ்வொரு படியும் அவள் முதுகுத்தண்டில் ஏறியது. போய்ப் பிடித்துக்கொள்ள இரண்டு கையும் தவித்தன, இரண்டையும் முந்தானையில் சுற்றி வைத்தாள். திருப்பத்தில் நீண்ட நேரம் சத்தமில்லை. பிறகு தடி. தலை தெரிந்தது, மழையில் ஒட்டிப்போன வெள்ளைமுடி, தோளில் ஜமீலாவின் கட்டைப்பை, அதில் பச்சையும் மஞ்சளுமாகப் பழம். வாசலுக்கு வந்து நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார். முகம் முழுவதும் தண்ணீர். ஒரு பக்கம் மட்டும் மேலே போகிற அந்தப் புதுச் சிரிப்பு, அதற்கு அவள் இன்னும் பழகவில்லை, பழகாததே நல்லது, ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கிறது. "கடை... பூட்டியிருந்தது" என்றார். "சாவு." "அப்புறம்?" "ரோடு தாண்டி... அந்தப் பக்கம் போனேன்." "ரோட்டைத் தாண்டினீங்களா? அந்த மெயின் ரோட்டையா?" "தாண்டினேன்." அதைச் சொல்லும்போது தடியை ஒருமுறை தரையில் தட்டினார். "பஸ் ஒண்ணு... நின்னுச்சு. எனக்காக. டிரைவர் கையைக் காட்டினார்... போங்க பெரியவரேன்னு. பின்னால அவ்வளவு ஹாரன். அவர் நின்னாரு அகிலா. நான் போற வரைக்கும்." அவர் குரல் உடைந்தது. விழுந்ததிலிருந்து அவர் அழுது அவள் பார்க்கவில்லை. அந்தப் பெயர் தெரியாத டிரைவரை, பின்னால் கத்திக்கொண்டிருந்த ரோட்டுக்கு முன்னால் காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை, அவள் கையெடுத்துக் கும்பிட்டாள், மனதுக்குள் இல்லை, நிஜமாகவே, நிலைவாசலில் நின்று, மழையைப் பார்த்து. துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள். அவர் தடுக்காமல், குழந்தைபோலக் குனிந்து கொடுத்தார். துண்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "நாளைக்கு... நீயும் வா."

கை நின்றுவிட்டது அவளுக்கு. "எங்க?" "ரோடு தாண்டி. ஒரு பூங்கா... போட்டிருக்கான். பெஞ்சு இருக்கு." மூச்சு வாங்கினார். "தனியாப் போனா... பேச ஆளில்லை மேடம். ரொம்ப போர்." துண்டை விலக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். "எவ்வளவு தூரம் விட்டு வரணும் சார்? பின்னால எத்தனை மரம் தள்ளி?" அவர் யோசித்தார். சொல்லைத் தேடுகிறாரா, விளையாடுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பக்கத்துல" என்றார்.

சரி என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. அவர் அவசரப்படாமல், அது வரட்டும் என்று, அவளைப் பார்த்தபடி காத்திருந்தார்.